பூட்டு பெரிசு, நாதாங்கி சின்னது: திருட்டு நடந்த தெருவில் காசை எங்கே போடுவது?

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கூட்டம். தாம்பரத்துக்குக் கிழக்கே 31 வீடுகள் உள்ள சின்னத் தெரு எங்களுடையது. அந்த நான்கு நாளில் இரண்டு வீட்டை உடைத்திருந்தார்கள். ஒன்றில் 11 சவரனும் ஒரு லேப்டாப்பும் போய்விட்டன. இன்னொன்றில் நகை எதுவும் சிக்காத கோபமோ என்னவோ, பீரோவைக் கவிழ்த்து, அரிசி டப்பாவைத் தரையில் கொட்டிவிட்டு, குத்துவிளக்கை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். போதாக்குறைக்கு மூலை வீட்டு வாசலில் நின்ற பைக்கையும் காணோம். கூட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் முடிவாகிவிட்டது: வீட்டுக்கு 4,000 ரூபாய் போட்டுத் தெருவுக்குக் கேமரா. நான் ஒருவன்தான் "கொஞ்சம் பொறுங்க, மத்ததையும் விசாரிச்சுப் பார்ப்போம்" என்றேன். அப்படிச் சொன்ன பாவத்துக்கு விசாரிக்கும் வேலை என் தலையிலேயே விழுந்தது.

இரண்டு மாதம் அலைந்ததில் முதலில் புரிந்தது இதுதான். திருட்டைத் தடுப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் நாலு வேலை இருக்கிறது. திருடன் நம் வீட்டைத் தேர்ந்தெடுக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தேர்ந்தெடுத்துவிட்டால், உள்ளே நுழைவதற்குள் அவனுக்கு நேரமாகும்படி செய்வது இன்னொன்று. நுழைந்தாலும் பெரிசாக எதுவும் கிடைக்காமல் செய்வது, கிடைத்துவிட்டால் ஆளையோ பொருளையோ பணத்தையோ திரும்பப் பெறுவது, இவை மிச்சம் இரண்டு. கேமரா விற்கிறவர் நம்மிடம் விற்பது நாலாவதை. நாம் அதை முதலாவது என்று நினைத்து வாங்குகிறோம்.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் போலீஸ் கமிஷனராக இருந்தபோது, 2017-க்கு அப்புறம், 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாகக் கேமரா மாட்டச் சொன்னார்கள். கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைக்காசு போட்டு மாட்டின. செயின் பறித்துக்கொண்டு போகிற பைக்கை ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்கு என்று தொடர்ந்து போய்ப் பிடித்ததெல்லாம் அதனால்தான் முடிந்தது. ஆனால் அங்கே வேலை செய்தது வரிசையாக இருந்த பல தெருக்களின் கேமராக்கள், ஏதோ ஒரு தெருவில் மாட்டிய எட்டு இல்லை. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய நகைக்கடை ஒன்றின் சுவரைத் துளைத்து உள்ளே போனவர்கள், முகமூடி போட்டுக்கொண்டு கேமரா முன்னாலேயே நிதானமாக நகையை அள்ளினார்கள். அந்தக் காட்சியை ஊரே பார்த்தது, முகத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. அந்த வழக்கில் முதலில் ஒருவர் நகையோடு சிக்கியது திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில்.

எங்கள் தெருவில் 11 சவரன் போன வீட்டிலும் கேமரா இருந்தது என்பதைக் கூட்டத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதில் பதிவானது மொத்தம் 23 விநாடி. தலையில் துண்டு கட்டிய ஒருவர் வருகிறார், இரவு என்பதால் அகச்சிவப்பு வெளிச்சத்தில் முகம் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, கையை நீட்டி கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுகிறார், அவ்வளவுதான். கேமரா கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. சரி, உயரத்தில் மாட்டலாமே என்றால், ரொம்ப உயரத்தில் மாட்டினால் தொப்பி தெரியும், முகம் தெரியாது. ஆக, உயரத்தில் ஒன்று தெருவைப் பார்க்கவும், கேட்டுக்கு நேரே மூடிய கூண்டுக்குள் ஒன்று முகத்தைப் பார்க்கவும் என்று இரண்டு வகையும் வேண்டும். வண்டி நம்பர் இரவில் தெரியுமா என்று கேட்டால் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியாது. அதற்கென்று தனிக் கேமரா இருக்கிறது, விலையும் தனி.

எங்களுக்கு வந்த கொட்டேஷன் 8 கேமரா, 2 டி.பி. ஹார்டு டிஸ்க், வயரிங் எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபாய். அந்த டிஸ்கில் எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 20 ஜி.பி. தின்னும் என்று வைத்தால், 8 கேமராவுக்கு 12 நாள். அப்புறம் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். பேரன் பிறந்ததைப் பார்க்கப் பெங்களூரு போய் மூன்று வாரம் கழித்து வருகிற தாத்தா பாட்டிக்கு இது எந்த உபயோகமும் இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி, பதிவாகிற பெட்டி யார் வீட்டில் இருக்கும், கரண்ட் யாருடைய மீட்டரில் ஓடும், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்பது. எந்தக் கேமரா யார் வீட்டு வாசலைப் பார்க்கிறது என்பதற்கே ஒரு சண்டை நடந்து, இரண்டு குடும்பம் இன்னும் பேசிக்கொள்வதில்லை. டிஸ்க் கெட்டுப்போனதோ, எலி வயரைக் கடித்ததோ ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. திருட்டு நடந்த அன்றைக்குத்தான் எல்லோரும் பெட்டியைத் திறப்பார்கள்.

இப்போது கதவுக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் ஆர்வம் வந்தது இதில்தான். உடைந்த இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் பூட்டு உடையவில்லை! கனமான, விலை கூடிய பூட்டு, அப்படியே பூட்டிய நிலையில் நாதாங்கியோடு தரையில் கிடந்தது. நாதாங்கியை நிலையில் பிடித்திருந்தது விரல் நக அளவு நான்கு ஸ்க்ரூ. கடப்பாரையை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினால் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், சத்தம்கூடப் பெரிசாக வராது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அந்தக் காலத்து மாங்காய்ப் பூட்டையெல்லாம் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் எப்பேர்ப்பட்ட பூட்டாக இருந்தாலும் அதன் பலம் அது மாட்டியிருக்கிற கொக்கியின் பலம்தான். அதோடு, வெளியே தொங்குகிற பூட்டு இன்னொரு வேலையும் செய்கிறது, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் சொல்கிறது.

எங்கள் தச்சர் செய்த மாற்றம் இதுதான். வெளி நாதாங்கியைக் கழற்றிவிட்டு, கதவின் பக்கவாட்டிலிருந்து நாலைந்து கம்பி நிலைக்குள் போகிற உள்பூட்டு ஒன்று. நிலையில் அந்தக் கம்பிகள் நுழையும் இடத்தில் நீளமான இரும்புப் பட்டை, மூன்று அங்குல ஸ்க்ரூ. எல்லாம் சேர்த்து எனக்கு 6,800 ரூபாய் ஆனது. வெளி நாதாங்கியை எடுக்க மனசில்லாதவர்களுக்கு, ஸ்க்ரூவுக்குப் பதில் கதவைத் துளைத்து, உள்பக்கம் நட்டு போட்டு முறுக்குகிற உருண்டைத் தலை போல்ட்டு போட்டுக் கொடுத்தார், கூலியோடு 900 ரூபாய்.

முன்கதவோடு நின்றுவிடக் கூடாது. தனி வீடு என்றால் பாதிப் பேருக்கு மொட்டை மாடிக் கதவு வெறும் தகரம். மாடிப்படி வெளியிலேயே இருக்கும், காம்பவுண்டு சுவர் ஏறினால் சன்ஷேடு, சன்ஷேடு ஏறினால் மாடி. பின்பக்கக் கதவு பிளாஸ்டிக். முன்வாசலுக்கு அறுபதாயிரத்துக்குத் தேக்குக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் பாத்ரூம் கதவைப் போட்டிருப்பார்கள், நானும் அந்த ரகம்தான். அப்புறம் ஜன்னல். சில வருஷத்துக்கு முன்னால் பேப்பரில் 'பீரோ புல்லிங்' என்று அடிக்கடி வரும், ஞாபகம் இருக்கலாம். ஜன்னலுக்குப் பக்கத்தில் பீரோ இருந்தால், வீட்டுக்குள் காலே வைக்காமல், வெளியே நின்று பீரோவை ஜன்னலோரம் இழுத்து, கம்பி வழியாகவே திறந்து காலி செய்கிற கூட்டம். அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய ஒரு பைசா செலவில்லை, பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் போதும். கிரில் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கணும், எல்லாப் பக்கமும் பூட்டிய இரும்புக் கூண்டில் தீப்பிடித்தால் வெளியே வர வழி வேண்டும், அதனால் ஒரு வழியின் சாவி உள்ளே எப்போதும் ஒரே இடத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரைக் கேட்டுத்தான் எதையும் துளைக்க முடியும். பழைய குடித்தனக்காரர்கள் எத்தனை பேரிடம் அந்தக் கதவின் சாவி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், குடிபோன அன்றைக்கே பூட்டின் உள் சிலிண்டரை மாற்றுவதுதான் முதல் வேலை. கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம்.

மூன்றாவது வேலை, உள்ளே வந்தாலும் கிடைக்காமல் செய்வது. நம் வீடுகளில் பெரிய இழப்பு என்றால் தங்கம்தான், டிவியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. லாக்கர் என்றதும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதனால் விதியை நேராகச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியரின் மோசடி இவற்றால் லாக்கரில் இருப்பது போனால், வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையைப்போல் நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம். இன்றைய விலையில் அது மூன்று சவரன்கூடத் தேறாது. வெள்ளம், இடி, பூகம்பம் என்றால் அதுவும் கிடையாது, 2015-ஐயும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்கள் லாக்கர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. லாக்கர் வேண்டுமென்றால் ஐந்து லட்சம் டெபாசிட் போடுங்கள் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று வருஷ வாடகையும், தேவைப்பட்டால் உடைத்துத் திறக்கும் செலவும் வருகிற அளவுக்குத்தான் டெபாசிட் கேட்கலாம். ஏழு வருஷம் எட்டிப் பார்க்காமல் விட்டால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், முறைப்படித் தகவல் சொல்லிவிட்டு வங்கி திறக்கலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் லாக்கர் பக்கம்தான். காரணம் எளிது. பீரோவில் வைத்தது போனால் நூறு மடங்கும் இல்லை, ஒரு மடங்கும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, "கல்யாணம் காட்சிக்குப் போட எடுக்கணும்னா நாலு தடவை பேங்குக்கு அலையணுமா" என்றார். தினம் போடுவது, ஒரு விசேஷத்துக்குப் போடுகிற ஒரு செட், இரண்டும் வீட்டில், மீதி லாக்கரில் என்று சமாதானமானோம்.

இன்ஷூரன்சில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்பதால் இல்லை, நாம் படிப்பதில்லை. வீட்டு லோன் வாங்கும்போது சேர்த்துக் கொடுக்கிற பாலிசி பெரும்பாலும் தீ, வெள்ளம், புயலுக்கானது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா'வில் திருட்டு என்ற சொல் இருக்கிறதுதான், ஆனால் அது தீயோ வெள்ளமோ வந்த ஏழு நாளுக்குள் அதன் காரணமாக நடந்த திருட்டுக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உடைத்தார்கள் என்றால் பைசா வராது. அதற்குத் தனியாக உடைப்புத் திருட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டும், நகைக்கு இன்னும் தனியாக, மதிப்புச் சான்றோடு. சேர்த்தாலும் 'பலவந்தமாக நுழைந்த' அடையாளம் வேண்டும். இந்த வாசகத்தை 2004-லேயே உச்ச நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொண்டு, பலவந்தம் இல்லாவிட்டால் கம்பெனி தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அதாவது பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவியால் திறந்து எடுத்துப் போனால் கேஸ் நிற்காது. பூந்தொட்டி, மிதியடி, மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்டு, இந்த நான்கைத் தவிர வேறு எங்கேயாவது சாவி வைக்கிற தமிழ்க் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

பைக்குக்குக் கணக்கு வேறு. மூலை வீட்டுத் தம்பியிடம் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், அதில் திருட்டுக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு என்றால் அந்த வருஷத்துக்கு நிர்ணயித்த மதிப்பு கிடைக்கும், ஆனால் இரண்டு சாவியும் கேட்பார்கள், எப்.ஐ.ஆர். கேட்பார்கள், வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்ற சான்றையும் கேட்பார்கள். போலீசில் உடனே புகார் கொடுத்துவிட்டு இன்ஷூரன்சுக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு போடுவதைவிடச் சக்கரத்தில் மாட்டுகிற டிஸ்க் லாக்கும், கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிற சங்கிலியும் லாபம். ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள், காலால் ஒரு உதை விட்டால் போய்விடும்.

ஆளை வைப்பது பற்றி. ஏஜென்சி ஒன்று இரவு 12 மணி நேரக் காவலாளிக்கு மாதம் 19,000 கேட்டது. வீட்டுக்கு 613 ரூபாய், கேட்கும்போது பெரிசாகத் தெரியாது, இரண்டு வருஷத்துக்கு நாலரை லட்சம். இரண்டு முனையிலும் திறந்திருக்கிற தெருவில் ஒரு ஆள், அதுவும் சம்பளத்தில் பாதி கைக்கு வருகிற, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிற அறுபது வயசு பெரியவர், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வார்? ஒரே கேட் உள்ள அடுக்குமாடி என்றால் என் பதில் வேறு, அங்கே ஆள் வைப்பதுதான் முதல் தேர்வு. ஏஜென்சியிடம் 2005-ம் வருஷத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டதும் பேச்சு மாறினால் வெளியே வந்துவிடுங்கள். இரவில் விசில் ஊதிக்கொண்டு போய் மாதம் பிறந்தால் ஐம்பது, நூறு வாங்கிக்கொள்கிற கூர்க்கா எங்கள் தெருவுக்கும் வருகிறார். அவருடைய விசில் தூரத்தில் கேட்டால் திருடன் ஐந்து நிமிஷம் ஒளிந்துகொள்வான், உண்மை. இருந்தாலும் எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று மறுநாள் காலையில் சொல்கிற ஒரே மனிதர் அவர்தான், அந்தக் காசுக்கு அது அதிகம்.

நாயைப் பற்றிச் சுருக்கமாக: பிடித்திருந்தால் வளருங்கள், காவலுக்காக மட்டும் வேண்டாம். சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் பத்துக்குப் பத்து பால்கனியில் அடைப்பது பாவம், நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போகும்போது நாயும் உங்களோடுதானே வரும்.

போலீஸ். எங்கள் பகுதி 2022 ஜனவரியிலிருந்து தாம்பரம் கமிஷனரகத்தில் வருகிறது. ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் பூட்டிய வீட்டை ரோந்தில் பார்ப்பார்கள் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. கேட்டில் பட்டா புத்தகம் என்கிற ரோந்து நோட்டை வைத்து, ரோந்து வந்தவர் கையெழுத்துப் போடுவதும் அந்த வகைதான். கூட்டத்தில் "எங்க வீடு காலின்னு நாமே போய்ச் சொல்றதா" என்று ஒருவர் சிரித்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் கொடைக்கானல் போட்டோ போடுகிறவர் அவர். எழுதிக் கொடுக்கச் செலவில்லை, இரண்டு வரி போதும். அவர்கள் தினம் வருவார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஒரு தடவை டார்ச் அடித்துவிட்டுப் போனாலும் லாபம்தானே. ஆந்திராவில் பூட்டிய வீட்டுக்குள் போலீசே அசைவைக் கண்டுபிடிக்கிற கேமரா வைத்துக் கொடுக்கிற ஏற்பாடு உண்டு, இங்கேயும் வந்தால் நானே முதலில் பெயர் கொடுப்பேன்.

திருட்டு நடந்துவிட்டால் செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புகார் கொடுத்ததும் கையில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது புகார் வந்ததற்கான சான்று மட்டும்தான், வழக்குப் பதிவான எப்.ஐ.ஆர். இல்லை. குத்துவிளக்கு போன வீட்டு சார் அந்த ரசீதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கேஸ் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். 2024 ஜூலை 1-லிருந்து புதிய சட்டங்கள் வந்துவிட்டன, குடியிருக்கிற வீட்டில் திருடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ம் பிரிவில் வருகிறது, ஏழு வருஷம் வரை தண்டனை. மின்னணு வழியில் புகார் அனுப்பி மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது, மரியாதையாகக் கேளுங்கள், கேட்கிறவர் கோப்பு கொஞ்சம் மேலே வரும். நகை மீட்கப்பட்டால் அது நம்முடையது என்று காட்ட பில்லும் போட்டோவும் வேண்டும், அதனால் இன்றைக்கே ஒவ்வொரு நகையையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்து, எடையை எழுதி, வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை, கொடுத்து முடக்கலாம், 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவை ஒரு வழியாக எண்ணலாமா என்று எனக்கே சந்தேகம். திருட்டுக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வாரம் தினமும் ஒரு போட்டோ வந்தது. பழைய பேப்பர்க்காரர், போர்வை விற்கிற வடநாட்டுப் பையன், கூரியர்க்காரர் என்று எல்லோரும் சந்தேக நபர்கள். 2018-ல் குழந்தை கடத்துகிறவர்கள் என்று வந்த வாட்ஸ்அப் புரளியால் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தை வழிமறித்து அடித்ததில் ஒரு வயதான அம்மா செத்தே போனார். அதைச் சொல்லித்தான் போட்டோ போடுவதை நிறுத்த வைத்தேன். இப்போது குழுவுக்கு இரண்டே விதி: யார் எந்தத் தேதியில் ஊரில் இல்லை என்பதைக்கூடப் பொதுவில் போடாமல் பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்வது, சந்தேகம் வந்தால் 112-க்கு போன் செய்துவிட்டு அப்புறம் குழுவில் எழுதுவது. தனியாக இருக்கிற பெரியவர்களுக்குப் பூட்டை உடைக்கிறவனைவிட, நகைக்குப் பாலிஷ் போடுகிறேன், கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கேன் என்று பேசிக்கொண்டே உள்ளே வருகிறவன்தான் ஆபத்து. அவர்களுக்கு நாங்கள் செய்தது கதவில் லென்சும் சங்கிலியும், எதிர்வீட்டு நம்பர் முதலில் இருக்கிற போனும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்னுடைய வரிசை இதுதான். தனி வீடு என்றால் முதலில் கதவு, நாதாங்கி, மாடி. நகை ஐந்து சவரனுக்கு மேல் என்றால் கதவுக்கும் முன்னால் லாக்கர். இவை இரண்டும் முடிந்த பிறகு கையில் காசு இருந்தால் உடைப்புத் திருட்டுக் காப்பீடு, அதற்கப்புறம் கேமரா. அடுக்குமாடி என்றால் ஆளும் கேட்டில் ஒரு கேமராவும் முதலில். எங்கள் தெருவில் 1,18,000-க்குப் பதில் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கேமரா மட்டும், 4 டி.பி. டிஸ்க், பேட்டரியோடு 52,000-க்கு முடித்தோம். கேமரா பாதி, டிஸ்க் இரட்டிப்பு, அதனால் ஒன்றரை மாதத்துக்கு மேல் பதிவு இருக்கும். மீதிக் காசில் இரண்டு எரியாத தெருவிளக்குக்கு மனு போட்டு விரட்டியதும், எல்லா வீட்டுக்கும் தச்சரை ஒரே வாரத்தில் வரவைத்து நாதாங்கிக்கு நட்டு போல்ட்டு போட்டதும் நடந்தது. ஏழு வீட்டுக்காரர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சரி.

விட்டுப்போன ஒன்று கோலம். திருட்டு நடந்த இரண்டு வீட்டு வாசலிலும் நான்கு நாளாகக் கோலம் இல்லை, பொங்கல் சமயத்தில் தெரு முழுக்கக் கலர் கோலம் இருக்க அந்த இரண்டு வாசல் மட்டும் வெறிச்சென்று இருந்திருக்கிறது. கேட்டில் பேப்பர் செருகியிருந்தது, பகலிலும் போர்ட்டிகோ விளக்கு எரிந்திருக்கிறது. அடுத்த வாரம் எதிர்வீட்டு அக்கா குடும்பத்தோடு திருப்பதி போகிறார், மூன்று நாள். பேப்பரை எடுத்து வைப்பதும் இரவில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பதும் என் வேலை, கோலம் என் மனைவி. புள்ளிக் கோலமெல்லாம் வேண்டாம், நாலு இழை இழுத்துவிட்டால் போதும் என்று அக்கா சொல்லியிருக்கிறார், மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.